பவர் பாப் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதலில் ஒரு பாடலைக் கேட்டுவிட்டு வாருங்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்திலிருந்து வந்த ராஸ்ப்பெர்ரீஸ் என்ற இசைக்குழு 1972-இல் வெளியிட்ட ‘கோ ஆல் தி வே’. மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

எடுத்த எடுப்பில் கிட்டார் உறுமும், டிரம்ஸ் இடிக்கும், பாடுகிறவர் ஒரு கத்துக் கத்துவார். முரட்டு ராக் பாடல் ஒன்று வரப்போகிறது என்று காது தன்னைத் தயார்செய்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து எல்லாம் தணிந்துபோய், எரிக் கார்மனின் குரல் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் நடப்பதுபோல மெதுவாக உள்ளே வரும். பின்னணியில் மற்றவர்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வரும். சரணம் முடிந்து பல்லவி திறக்கும்போது கிட்டாரும் குரல்களும் ஒன்றாகப் பொங்கும். பிறகு அந்த உறுமல் மறுபடி வரும்.

உறுமலையும் மென்மையையும் ஒரே பாட்டில் தைத்து வைத்திருக்கிறார்களே, அந்தத் தையல் உங்களுக்குப் பிடித்திருந்தால் பவர் பாப் உங்களுக்கான இசை. மேலே படியுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். எனக்கே மூன்றாவது முறைதான் பிடித்தது.

இந்த வழிகாட்டியை பீட்டில்ஸ் பாடல்கள் நான்கைந்து தெரிந்த, அதற்குமேல் மேற்கத்திய ராக் இசையில் பழக்கமில்லாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் தொடங்கியபோது நூறு பாடல் கொண்ட ஒரு தொகுப்பை வாங்கி ஒரே மூச்சில் கேட்டேன். இருபதாவது பாட்டிலேயே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிட்டது. பல மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த இசையைத் தட்டு நிறைய அள்ளிக்கொள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று பாடல் போதும். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

முதல் படி: பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘பவர் பாப்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் இங்கிலாந்தின் தி ஹூ குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட். 1967-இல் ஒரு பேட்டியில், தாங்கள் வாசிப்பது பவர் பாப் என்றார். ஸ்மால் ஃபேசஸ் குழு முன்பு வாசித்ததும், ‘ஃபன், ஃபன், ஃபன்’ காலத்து பீச் பாய்ஸ் வாசித்ததும் அதுதான் என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு அது போகிறபோக்கில் சொன்ன ஒரு விளக்கம். எழுபதுகளின் பின்பகுதியில்தான் கிரெக் ஷா போன்ற பத்திரிகையாளர்கள் அந்தச் சொல்லை எடுத்து ஓர் இசை வகைக்கே பெயராக வைத்தார்கள். ஷா நடத்திய ‘பாம்ப்’ இதழ் 1978-இல் ஓர் இதழையே இதற்கு ஒதுக்கியது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இசையின் மிகச் சிறந்த பாடல்கள் பல 1970-க்கும் 1974-க்கும் இடையில் பதிவானவை. அவற்றை உருவாக்கியவர்கள் தாங்கள் ஒரு தனி வகையைத் தொடங்கிவைக்கிறோம் என்று நினைக்கவில்லை. நீண்ட கிட்டார் வித்தைகளும் இருபது நிமிடப் பாடல்களும் மதிக்கப்பட்ட காலம் அது. அந்தக் காலத்தில் இவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு வானொலியில் கேட்டு வளர்ந்த மூன்று நிமிடப் பாடலைக் கைவிட மனமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டாம் படி: காது எதைத் தேட வேண்டும்

மெட்டுதான் முதலாளி. கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் அதற்கு வேலை செய்பவை. பாட்டை ஒருமுறை கேட்டதும் குளியலறையில் முணுமுணுக்க முடிய வேண்டும். இங்கே கிட்டார் தனி ஆவர்த்தனம் வந்தாலும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நொடிதான். அதுவும் பாடலின் மெட்டையே வேறு உருவில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

நம் திரைப்பாடல் பழக்கத்தில் வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குப் பல்லவி முதலில் வரும். சரணம் முடிந்து அதற்குத் திரும்புவோம். இந்தப் பாடல்களில் பெரும்பாலும் சரணம்தான் முதலில் வருகிறது. பல்லவிக்காக உங்களைக் காக்கவைப்பார்கள். சரணத்தின் கடைசி வரியில் மெட்டு மேலே ஏறி ஒரு விளிம்பில் நிற்கும். அடுத்த அடியில் பல்லவி கொட்டும். இரண்டாவது பல்லவிக்குப் பிறகு, அதுவரை வராத புது மெட்டில் ஒரு சின்ன நடுப்பகுதி வரும். பாட்டு முழுக்க ஒரே ஒரு முறைதான் அது வரும். ‘மிடில் எய்ட்’ என்று இதைச் சொல்கிறார்கள். நல்ல பவர் பாப் பாடலாசிரியரை அந்த நடுப்பகுதியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சாதாரண ஆள் அங்கே நேரத்தைக் கடத்துவார். நல்லவர் பாட்டின் மிக அழகான இடத்தை அங்கேதான் ஒளித்துவைத்திருப்பார்.

அடுத்தது கிட்டாரின் ஒலி. இரண்டு விதமாக வரும். ஒன்று, ஒலிபெருக்கியை அதிகம் முடுக்கியதால் வரும் தடித்த, கரகரத்த ஒலி. இன்னொன்று, சின்ன மணிகள் பல ஒன்றாகக் குலுங்குவதுபோன்ற ஒலி. இந்த இரண்டாவது ஒலி பன்னிரண்டு தந்தி கிட்டாரிலிருந்து வருவது. வழக்கமான ஆறு தந்திகளும் அதில் ஆறு ஜோடிகளாக இருக்கும். தாழ்ந்த சுருதியுள்ள நான்கு ஜோடிகளில் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்கும். மேலே இருக்கும் இரண்டு ஜோடிகள் ஒரே சுருதியில் இருக்கும். மனிதக் கையால் எவ்வளவு துல்லியமாகச் சுருதி சேர்த்தாலும் ஜோடித் தந்திகளுக்கு இடையே இழைபோன்ற ஒரு வேறுபாடு மிஞ்சிவிடும். அந்த மினுமினுப்பு அங்கிருந்து பிறக்கிறது.

மூன்றாவது, கூட்டுக் குரல்கள். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்குமேல் வேறொரு சுரத்தில் இணையாகப் போவார். முதலில் கேட்கும்போது ஒரே குரலாகத்தான் தெரியும். நான்காவது முறை கேட்கும்போது மேலே போகிற குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு கிடைக்கும்.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதல்தான் விஷயம், அதிலும் கைகூடாத காதல். ஆனால் இசை துள்ளும். மனம் உடைந்தவன் திருவிழா மேளத்துக்கு நடுவே நின்று பேசுவதுபோல இருக்கும். சோகத்தை மெதுவான தாளத்தில் பாடுவது எல்லா ஊரிலும் உண்டு. ஏக்கத்தை இவ்வளவு வெளிச்சமான ஒலியில் பாடுகிற இசையை நான் வேறெங்கும் அதிகம் கேட்டதில்லை. எனக்கு இந்த இசைமேல் பற்று வந்ததற்கு இதுதான் காரணம். எந்தப் பாட்டை இந்த வகையில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்: ஒலி சிரிக்கிறதா, உள்ளே ஏக்கம் இருக்கிறதா?

மூன்றாம் படி: வேர்களுக்கு அரை மணி நேரம்

நான்கு பாடல்கள் போதும். தி ஹூ குழுவின் ‘ஐ காண்ட் எக்ஸ்ப்ளெயின்’ 1965-இல் வந்தது. காதலைச் சொல்ல வார்த்தை வராமல் திணறும் ஓர் இளைஞனின் தவிப்பை வெட்டி வெட்டி அடிக்கும் கிட்டாரில் கேட்கலாம். கீத் மூனின் டிரம்ஸ் வெறும் தாளம் போடுவதோடு நிற்காமல் பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும். பின்னால் வந்த பவர் பாப் டிரம்ஸ் கலைஞர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்.

பீட்டில்ஸிடம் 1966-ஆம் ஆண்டுக்குப் போங்கள். ‘பேப்பர்பேக் ரைட்டர்’, ‘அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவது பாடல் இரண்டே நிமிடம். அதில் ஜார்ஜ் ஹாரிசனும் பால் மெக்கார்ட்னியும் இரண்டு கிட்டார்களில் ஒரே வரியை இணைச் சுரங்களில் வாசிக்கிறார்கள். குரல்கள் செய்யும் வேலையைக் கிட்டார்களும் செய்கின்றன.

நான்காவது, தி பேர்ட்ஸ் குழுவின் ‘ஐ’ல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்’, 1965. ஹாரிசன் 1964-இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்தி கிட்டார் ஒன்றை வாசித்ததை பீட்டில்ஸின் முதல் திரைப்படத்தில் பார்த்துவிட்டு, ரோஜர் மெக்வின் தானும் ஒன்றை வாங்கினார். மணிகள் குலுங்குகிற அந்த ஒலி அவர் கையில் ஒரு குழுவின் அடையாளமாகவே மாறிவிட்டது. கடல் தாண்டிப் போன ஒரு கிட்டார் ஒலி திரும்பவும் கடல் தாண்டி வந்து எத்தனையோ பேரை ஆட்டிவைத்தது.

நான்காம் படி: எழுபதுகளின் தொடக்கம் (இங்கே அவசரப்படாதீர்கள்)

ராஸ்ப்பெர்ரீஸை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் உறையில் விரலால் தேய்த்தால் ராஸ்ப்பெர்ரிப் பழ வாசனை வரும் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி விற்றார்கள். விளம்பர உத்திதான் என்றாலும் அந்த இசைக்குப் பொருந்தவே செய்கிறது. 1974-இல் வந்த அவர்களுடைய ‘ஓவர்நைட் சென்சேஷன்’ பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தன் பாட்டு வானொலியில் வந்துவிட வேண்டும் என்று ஏங்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு அது. நடுவில் இசை திடீரென்று சுருங்கி ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வானொலியிலிருந்து வருவதுபோல ஒலிக்கும். அந்த இடத்துக்காகவே நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பேட்ஃபிங்கர் வேல்ஸின் ஸ்வான்சி நகரத்தில் உருவானவர்கள். பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் அவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய முதல் பெரிய வெற்றிப் பாடலான ‘கம் அண்ட் கெட் இட்’டை எழுதித் தந்தவர் மெக்கார்ட்னி. அவரே எல்லாக் கருவிகளையும் வாசித்து ஒரு மாதிரிப் பதிவும் செய்து கொடுத்தார். அதனால் பீட்டில்ஸின் நிழல் என்று அவர்களைப் பலரும் ஒதுக்கிவிட்டார்கள். அது நியாயமே இல்லை. பீட் ஹேம் எழுதிய ‘நோ மேட்டர் வாட்’ (1970), ‘டே ஆஃப்டர் டே’ (1971), ‘பேபி ப்ளூ’ மூன்றையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் தடித்த கிட்டார். இரண்டாவது பாட்டை ஜார்ஜ் ஹாரிசனே தயாரித்தார். அதில் ஹேமுடன் சேர்ந்து அவர் வாசித்த வழுக்கு கிட்டார் (தந்திமேல் ஒரு குழலை வழுக்கவிட்டு வாசிப்பது) ஒரு குரல்போலவே அழும். மூன்றாவது, ‘பிரேக்கிங் பேட்’ தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் 2013-இல் ஒலித்து, நாற்பது ஆண்டு கழித்து ஒரு புதிய தலைமுறையைச் சென்றடைந்தது.

ஹேமும் டாம் எவன்ஸும் சேர்ந்து எழுதிய ‘வித்தவுட் யூ’ பாட்டை ஹாரி நில்சன் பாடி 1972-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். உலகமே பாடிய பாட்டு. எழுதியவர்களோ பண ஒப்பந்தச் சிக்கல்களில் மாட்டிக்கொண்டு தங்களுக்கு வரவேண்டியதைப் பெற முடியாமல் தவித்தார்கள். ஹேம் 1975-இல், தம் 28-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1983-இல் எவன்ஸும் அவ்வாறே போனார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘பேபி ப்ளூ’ வேறு மாதிரி கேட்கிறது. ஆகவே தெரிவதற்கு முன்பு ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள் என்று மேலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பிக் ஸ்டார். இந்த இசைக்கு ஒரு கோயில் இருந்தால் கருவறை இதுதான் என்பேன்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம். ஆலெக்ஸ் சில்டன் 16 வயதில், 1967-இல், தி பாக்ஸ் டாப்ஸ் குழுவோடு ‘தி லெட்டர்’ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். கிறிஸ் பெல் அந்த நகரத்தின் ஆர்டென்ட் ஸ்டூடியோவில் இரவெல்லாம் உட்கார்ந்து ஒலிப்பதிவு கற்ற இளைஞர். இவர்களோடு பேஸ் கிட்டார் வாசித்த ஆண்டி ஹம்மலும் டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸும் சேர்ந்தார்கள். ஸ்டூடியோவுக்கு அருகே இருந்த மளிகைக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள்: பிக் ஸ்டார். 1972-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் விநியோகம் சொதப்பியதால் இசைத்தட்டு கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பாராட்டைப் படித்துவிட்டு வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெல் மனமுடைந்து குழுவைவிட்டு விலகினார். மீதி மூவரும் 1974-இல் ‘ரேடியோ சிட்டி’யை வெளியிட்டார்கள். அதற்கும் அதே கதிதான். அந்த ஆண்டே பதிவான மூன்றாவது ஆல்பம் 1978 வரை வெளிவரவே இல்லை.

‘ரேடியோ சிட்டி’யில் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ என்ற பாட்டு இருக்கிறது. மூன்று நிமிடம்கூட இல்லை. பவர் பாப் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டு, ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அவர்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைத்தான் போட்டுக்காட்டுவேன். தொடக்கத்தில் கிட்டார் மட்டும் கண்ணாடித் துண்டுகளில் வெயில் பட்டதுபோல வரும். ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் உள்ளே விழும்போது கவனியுங்கள். அடித்து நொறுக்குகிறார், ஆனால் குரலுக்கு இடம் விடுகிறார். சில்டனின் குரல் உயர்ந்து மெலிந்து, உடைந்துவிடுமோ என்று பயப்படும் இடத்தில் நிற்கும். டிசம்பரில் பிறந்த ஒருவன் செப்டம்பர் பெண்களை நினைத்து ஏங்குகிறான், அவ்வளவுதான் விஷயம். சில்டன் பிறந்ததும் டிசம்பரில்தான். பாட்டில் வார்த்தைகள் மிகக் குறைவு. மீதியை அந்தக் கிட்டார் சொல்லிவிடுகிறது.

முதல் ஆல்பத்திலிருந்து ‘தர்ட்டீன்’ கேளுங்கள். இரைச்சலே இல்லாத, பதின்மூன்று வயதுக் காதலைப் பற்றிய மெல்லிய பாட்டு. ‘தி பேலட் ஆஃப் எல் கூடோ’வின் பல்லவியில் குரல்கள் அடுக்கும் விதத்தைக் கேளுங்கள். பிறகு கிறிஸ் பெல் தனியாகப் பதிவுசெய்த ‘ஐ ஆம் தி காஸ்மாஸ்’. அவர் உயிரோடு இருந்தபோது இது 1978-இல் ஒரு சிறிய தட்டாக மட்டுமே வந்தது. அந்த டிசம்பரில் மெம்ஃபிஸில் நடந்த கார் விபத்தில் இறந்தார், வயது 27. அவருடைய ஆல்பம் வெளிவர 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தப் பாட்டை இரவில், தனியாகக் கேளுங்கள்.

விற்காத இந்தத் தட்டுகள் கைமாறிக் கைமாறிப் பிற இசைக்கலைஞர்களிடம் போய்ச் சேர்ந்தன. தி பேங்கிள்ஸ் 1986-இல் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டைத் தாங்களும் பாடிப் பதிவுசெய்தார்கள். தி ரீப்ளேஸ்மென்ட்ஸ் 1987-இல் சில்டன் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார்கள். அந்தப் பாட்டும் நல்ல பவர் பாப்தான்.

அமெரிக்கப் பாடகர் டாட் ரண்ட்கிரெனை ஒரே பாட்டோடு கடந்துவிடலாம்: ‘குடிண்ட் ஐ ஜஸ்ட் டெல் யூ’, 1972.

ஐந்தாம் படி: வெற்றியும் அதன் விலையும்

1976-க்குப் பிறகு பங்க் இசை வந்து எல்லோரையும் வேகமாக வாசிக்கவைத்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரத்திலிருந்து வந்த சீப் ட்ரிக் குழு இந்தக் காலத்தின் பெரிய பெயர். அவர்களுடைய ‘ஐ வாண்ட் யூ டு வாண்ட் மீ’ 1977-இல் ஸ்டூடியோ பதிவாக வந்தபோது அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானில் அவர்களுக்கு வெறித்தனமான ரசிகர்கள் இருந்தார்கள். 1978 ஏப்ரலில் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் அவர்கள் வாசித்ததை ஜப்பானுக்காக மட்டும் ஒரு ஆல்பமாக வெளியிட்டார்கள். அது இறக்குமதியாகி அமெரிக்காவில் பரவ, 1979-இல் அங்கேயும் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த மேடைப் பதிவையே தேடிக் கேளுங்கள். பாட்டின் வரிகளுக்கு இடையே ஜப்பானிய ரசிகைகள் கூவிப் பதில் சொல்கிறார்கள். அந்தக் கூவல் இல்லாத ஸ்டூடியோ பதிவு இன்று கேட்டால் பாதிப் பாட்டுபோல் இருக்கிறது.

ஆனால் அவர்களுடைய உச்சம் 1978-இன் ‘சரண்டர்’. நள்ளிரவில் விழித்துக்கொண்ட பையன், தன் அப்பாவும் அம்மாவும் தன்னுடைய கிஸ் குழு இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். பெற்றோருக்கும் ஓர் இளமை உண்டு என்று அவனுக்குப் புரியும் அந்தக் கணத்தை, பாதி வழியில் சுருதியை உயர்த்தி உயர்த்தி அவர்கள் கொண்டுபோகும் விதம் அபாரம்.

தி நாக் குழுவின் ‘மை ஷரோனா’ 1979-இல் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் தொடக்க கிட்டார் வரியை நீங்கள் ஏற்கெனவே எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இந்த வெற்றியைப் பார்த்ததும் இசை நிறுவனங்கள் ஒல்லிக் கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் குழு எது கிடைத்தாலும் ஒப்பந்தம் போட்டன. சந்தை நிரம்பியதும் ரசிகர்கள் சலித்துப்போனார்கள். பவர் பாப் என்ற சொல்லே சில ஆண்டுகளுக்கு ஒரு குறைச்சொல்லாகிவிட்டது. இசையாக அந்தப் பாட்டு இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. அதன் வரிகள், இளம்பெண்ணை வெறும் இச்சைப் பொருளாகப் பார்க்கும் விதம், எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இந்த வகையின் பல பாடல்களில் இந்தக் குறை உண்டு. பெண் என்பவள் ஜன்னலுக்கு வெளியே நடந்துபோகும் ஒரு பெயர், அவ்வளவுதான். மெட்டு இனிக்கிறது என்பதற்காக அதைப் பார்க்காமல் விடக் கூடாது.

அதற்கு மருந்தாகப் பெண்களின் பாடல்களை இதே வாரத்தில் கேளுங்கள். தி கோ-கோஸ் குழுவின் ‘பியூட்டி அண்ட் தி பீட்’ (1981) அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தாங்களே எழுதி, தாங்களே வாசித்த ஒரு முழுப் பெண்கள் குழு அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. தி நெர்வ்ஸ் என்ற சிறிய குழு 1976-இல் பதிவுசெய்த ‘ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்’ பாட்டை 1978-இல் ப்ளாண்டி குழுவுக்காக டெபி ஹாரி பாடியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுத் தொலைபேசியில் காத்திருக்கும் ஆணின் கெஞ்சல், அவர் வாயில் அதட்டலாகிவிடுகிறது. இன்றைய குழுக்களில் நியூசிலாந்தின் தி பெத்ஸ் எனக்கு மிகவும் பிடித்தவர்கள். எலிசபெத் ஸ்டோக்ஸ் எழுதிய ‘எக்ஸ்பர்ட் இன் எ டையிங் ஃபீல்டு’ (2022) பாட்டில், முடிந்துபோன உறவில் ஒருவரைப் பற்றிச் சேர்த்துவைத்த அறிவையெல்லாம் இனி என்ன செய்வது என்று கேட்கிறார். பழைய ஏக்கம்தான், யோசிக்கிற பெண்ணின் வாயிலிருந்து புதிதாக வருகிறது.

ஆறாம் படி: தொண்ணூறுகள்

ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் பிக் ஸ்டாரின் நேரடி வாரிசுகள். ‘பேண்ட்வேகனெஸ்க்’ 1991-இல் வந்தது. நிர்வானா என்ற அமெரிக்கக் குழுவின் புகழ்பெற்ற ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்ததும் அதே ஆண்டுதான். அமெரிக்காவின் ‘ஸ்பின்’ இதழ் அதைத் தாண்டி இதை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. முதல் பாட்டான ‘தி கான்செப்ட்’ ஆறு நிமிடம். சின்னப் பாட்டு என்ற விதியையே மீறுகிறது, ஆனால் கடைசி மூன்று நிமிடம் சொற்கள் ஓய்ந்து குரல்களும் கிட்டாரும் மிதந்துகொண்டே போகும்போது விதியை யார் கேட்கிறார்கள்? 1995-இன் ‘கிராண்ட் பிரி’ ஆல்பத்தில் ‘ஸ்பார்க்கிஸ் ட்ரீம்’ பாட்டையும் விடாதீர்கள்.

மாத்யூ ஸ்வீட்டின் ‘கேர்ள்ஃப்ரெண்ட்’ (1991), தி போசீஸின் ‘ஃப்ராஸ்டிங் ஆன் தி பீட்டர்’ (1993), ஜெல்லிஃபிஷ்ஷின் ‘ஸ்பில்ட் மில்க்’ (1993) மூன்றும் முழு ஆல்பமாகக் கேட்கத் தகுந்தவை. வீஸரின் 1994 முதல் ஆல்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஃபவுண்டன்ஸ் ஆஃப் வேயின் குழுவை ‘ஸ்டேசீஸ் மாம்’ என்ற ஒரே வேடிக்கைப் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குழுவின் ஆடம் ஷ்லெசிங்கர் மெட்டின் இலக்கணம் அறிந்தவர். 1964-இல் ஒரே பாட்டால் புகழ்பெறும் ஒரு கற்பனைக் குழுவைப் பற்றி 1996-இல் வந்த படத்துக்கு, அந்த ஒரே பாட்டை எழுதித்தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. ‘தட் திங் யூ டூ’. படம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலித்தும் அலுக்காத ஒரு பாட்டை எழுதுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் கோவிட் தொற்று அவரைக் கொண்டுபோனது.

ஏழாம் படி: சில நடைமுறைக் குறிப்புகள்

செயலிகளில் பழைய பாட்டைத் தேடும்போது பதிவான ஆண்டைப் பாருங்கள். எழுபதுகளின் குழுக்கள் பல, உரிமைச் சிக்கல் காரணமாகத் தங்கள் வெற்றிப் பாடல்களைப் பிற்காலத்தில் மறுபடி பதிவுசெய்திருக்கின்றன. பெயர் அதுவே, மெட்டு அதுவே, உயிர் மட்டும் இருக்காது.

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் கூட்டுக் குரலும் பேஸ் கிட்டாரும் காணாமல் போகும். விலை குறைந்த ஹெட்ஃபோன் என்றாலும் இரண்டு காதிலும் மாட்டிக் கேளுங்கள். பல பதிவுகளில் ஒரு கிட்டாரை இடது பக்கமும் இன்னொன்றை வலது பக்கமும் வைத்திருப்பார்கள். ஒருமுறை இடது காதை மட்டும், அடுத்த முறை வலது காதை மட்டும் வைத்துக் கேட்டால் எந்தக் கை என்ன வாசிக்கிறது என்று பிரித்தறியலாம்.

வீட்டில் ஒரு கிட்டார் இருக்கிறதா? அப்படியானால் கடைசியாக ஒரு சின்ன வேலை. பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்ட்களில் ‘டி மேஜர்’ மிக எளியது. ஒரே வாரத்தில் பிடிபடும். மூன்று விரலால் அதைப் பிடித்துக்கொண்டு தந்திகளை மீட்டுங்கள். மீட்டியபடியே சுண்டுவிரலை மிக மெல்லிய தந்தியின் மூன்றாவது கட்டத்தில் வையுங்கள். ஒலி எதற்கோ காத்திருப்பதுபோல அந்தரத்தில் தொங்கும். விரலை எடுங்கள், வீடு வந்து சேரும். பிறகு அதே தந்தியில் இரண்டாவது கட்டத்தில் இருக்கும் விரலையும் தூக்கிப் பாருங்கள். இன்னொரு விதமாகத் தொங்கும். வைப்பது, எடுப்பது, தூக்குவது, திரும்ப வைப்பது. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுங்கள். மேலே சொன்ன பாடல்களில் எத்தனை இடத்தில் இந்த ஒரு விரல் ஆட்டம் வருகிறது என்று அதற்குப் பிறகு உங்கள் காதே எண்ணத் தொடங்கிவிடும்.